விளையாட்டைக் குறைத்தால் எழுதுவானா?

கேள்வி: என் மகனுக்கு மூன்றரை வயது. ஜூனில் இங்கே ஈரோட்டில் ஒரு சிபிஎஸ்இ பள்ளியில் ப்ரீ கேஜி சேர்த்தோம். தினமும் ஒரு பக்கம் கோடு, ஒரு பக்கம் ‘அ’ எழுதிவரச் சொல்கிறார்கள். இரண்டு வரி எழுதுவதற்குள் பென்சிலைப் போட்டுவிட்டு ஓடிவிடுகிறான். ‘கான்சன்ட்ரேஷன் இல்லை’ என்கிறார் மிஸ். என் நாத்தனார் மகள் இவனைவிட இரண்டு மாதம் சின்னவள், ஐம்பது வரை எழுதுகிறாள். இவன் சாப்பிடுவதும் சட்டை போடுவதும்கூடத் தானாகச் செய்வதில்லை. ‘நீ பண்ணு’ என்று நிற்பான். என் மாமியார், அத்தைதான் போனில் கார்ட்டூன் போட்டுக் காட்டி ஊட்டிவிடுகிறார். வேன் 7.45க்கு வந்துவிடும், எனக்கும் வேலைக்குக் கிளம்ப வேண்டும், அதனால் நானே எல்லாம் மாட்டி அனுப்பிவிடுவேன். விளையாட்டு என்றால் மட்டும் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, பழைய பில்லைக் கிழித்து டிக்கெட் கொடுத்து ஒரு மணி நேரம் பஸ் ஓட்டுவான். விளையாட்டைக் குறைத்தால் எழுத்தில் கவனம் வருமா? செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டோமா?

– ஒரு தாய், ஈரோடு

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த பஸ் விஷயம், அதில்தான் என் கண் நின்றது. கவனம் இல்லாத பிள்ளை ஒரு மணி நேரம் பஸ் ஓட்ட மாட்டான். உங்கள் மகனுக்குக் கவனம் நன்றாகவே இருக்கிறது. பென்சில் பிடித்து ஒரு பக்கம் ‘அ’ எழுதும் வயது இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். ஆகவே நேராகவே சொல்லிவிடுகிறேன்: விளையாட்டைக் குறைக்காதீர்கள். குறைக்க வேண்டியது, அவன் செய்யக்கூடிய வேலைகளை நீங்களும் அத்தையும் அவனுக்காகச் செய்துகொடுப்பதை. எழுத்துக்கும் அதுவே வழி. எப்படி என்று விவரமாகச் சொல்கிறேன்.

முதலில் அந்த பஸ்ஸைக் கிட்டப் போய்ப் பாருங்கள். நாற்காலிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் போடுகிறானே, வரிசை, இடைவெளி, முன், பின் எல்லாம் அதில் இருக்கிறது. ஆளுக்கு ஒரு டிக்கெட் கொடுக்கிறான். எண்ணுவதற்கு அடிப்படையே இந்த ‘ஆளுக்கு ஒன்று’தான். கிழிந்த பில்லை டிக்கெட் என்று வைத்துக்கொள்கிறான், அப்பத்தாவையும் அப்படியே வாங்கிக்கொள்ள வைக்கிறான். ஒரு பொருள் இன்னொன்றுக்குப் பதிலாக நிற்கும் என்று புரிந்த பிள்ளைக்குத்தான், காகிதத்தில் வளைந்து கிடக்கும் ஒரு கோடு ‘அ’ என்ற சத்தத்துக்குப் பதிலாக நிற்கிறது என்பதும் பிற்பாடு புரியும். இன்னொன்றும் கவனித்துப் பாருங்கள். கண்டக்டராக இருக்கும்போது அவனுக்கு உட்கார ஆசை வந்தாலும் அநேகமாக உட்கார மாட்டான். கண்டக்டர் நின்றுகொண்டுதானே வருவார்! மற்ற நேரத்தில் இரண்டு நிமிஷம் ஓரிடத்தில் நிற்காத பிள்ளை, ஆட்டத்தின் விதிக்காகத் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்கிறான். விளையாடும்போது குழந்தை தன் வயதைத் தாண்டி நடந்துகொள்கிறது என்று ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகோட்ஸ்கி 1930களிலேயே சுட்டிக்காட்டினார். மிஸ் எதிர்பார்க்கும் அந்த ‘கான்சன்ட்ரேஷன்’ வளரும் இடம் இதுதான். இதைக் குறைத்துவிட்டு வேறு எங்கிருந்து கொண்டுவருவது?

சரி, எழுத்துக்கு வருவோம். பார்த்து வரைவதில் ஒரு வரிசை உண்டு. பெரும்பாலான குழந்தைகள் மூன்று வயதுவாக்கில் வட்டம் போடுவார்கள். நான்கு வயதுவாக்கில் கூட்டல் குறி வரும். சதுரம் அதற்கும் பிறகு, முக்கோணம் ஐந்தை ஒட்டி. இப்போது ‘அ’வை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே ஒரு சின்னச் சுழி, அங்கிருந்து ஒரு வளைவு, கீழே சுற்றி வந்து குறுக்கே ஒரு கோடு, கடைசியில் நெட்டுக்குத்தாக இன்னொன்று. முக்கோணத்தையே பார்த்து வரைய முடியாத கையிடம் இதை ஒரு பக்கம் கேட்கிறோம். அகரவரிசையில் முதலில் வருகிறது என்பதால் எழுதுவதற்கும் அதுதான் சுலபம் என்று ஆகிவிடாது. வடிவத்தை மட்டும் பார்த்தால் ட, ப, ம எல்லாம் அதைவிட எவ்வளவோ எளிது.

அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022இல் திருத்தி வெளியிட்ட வளர்ச்சி மைல்கற்களில், தன் பெயரில் உள்ள சில எழுத்துகளை எழுதுவது ஐந்து வயதுக்குரியதாக இருக்கிறது. பத்து வரை எண்ணுவதும் ஐந்துக்குத்தான். முஷ்டியாகப் பிடிக்காமல் விரல்களுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவில் கிரேயானைப் பிடிப்பது நான்கு வயதுக்கு. உங்கள் மகனுக்கு மூன்றரை. இரண்டு வரி எழுதிவிட்டு ஓடுகிறான் என்றால் கை சோர்ந்துபோயிருக்கலாம். அதைச் சொல்லத் தெரியாமல் ஓடுகிறான் போல.

நம் ஊரில் விஜயதசமி அன்று குழந்தையை மடியில் உட்கார வைத்து, தாம்பாளத்தில் பரப்பிய நெல்லிலோ அரிசியிலோ விரலைப் பிடித்து எழுத வைக்கிறோம். மூன்று வயதுக் கைக்கு அது மிகப் பொருத்தமான முறை. விரல் நுனிக்கு எழுத்தின் போக்கு தெரியும், அழுத்தம் தேவையில்லை, தப்பாகிவிட்டால் தட்டை ஆட்டினால் போச்சு. வருஷத்துக்கு ஒருநாள் செய்வதை வாரத்துக்கு நான்கு நாள் செய்யுங்கள். தட்டில் கொஞ்சம் ரவையோ கோலமாவோ போதும். வாசலில் சாக்பீஸால் பெரிதாக வட்டம் போடட்டும், ஈரத் துணியால் அதன்மேல் துடைத்துக்கொண்டே போகட்டும். தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல் என்ற வரிசையில்தான் கைக்கு நிதானம் வரும். நாம் கடைசியிலிருந்து ஆரம்பிக்கிறோம்.

நாத்தனார் மகளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அவளுக்கு எழுதப் பிடித்திருந்தால் எழுதட்டும், அதில் குறை ஒன்றுமில்லை. ஆனால் ஐம்பது வரை எழுதுவதும் எண்ணிக்கை புரிவதும் இரண்டு வேறு விஷயங்கள். இருபது வரை கடகடவென்று ஒப்பிக்கும் மூன்றரை வயதுப் பிள்ளைகள் பலர், ‘அஞ்சு ஸ்பூன் எடுத்துக் கொடு’ என்றால் கைக்கு வந்ததை அள்ளிக் கொடுப்பார்கள். அந்த வயதில் அது இயல்பு. உங்கள் மகனிடம் ராத்திரி தட்டு வைக்கும் வேலையைக் கொடுத்துப் பாருங்கள். அப்பாவுக்கு ஒன்று, அப்பத்தாவுக்கு ஒன்று, உனக்கு ஒன்று, எனக்கு ஒன்று. ஒன்று குறைந்தால் அவனே ஓடிப்போய் எடுத்து வருவான். நான்கு என்றால் என்ன என்று அப்போது அவன் கைக்கே தெரிந்துவிடும். வீட்டில் பல்லாங்குழி இருந்தால் இன்னும் நல்லது. ஒவ்வொரு குழியிலும் ஒரு முத்தாகப் போட்டுக்கொண்டே போவதைவிட நல்ல கணக்குப் பயிற்சி இந்த வயதுக்கு இல்லை. ஆட்டத்தின் விதியெல்லாம் இப்போது வேண்டாம். ஆனால் யாராவது பெரியவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். புளியங்கொட்டையும் சோழியும் வாய்க்கும் மூக்குக்கும் போகிற வயது இது.

இப்போது அந்த ‘நீ பண்ணு’. செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டோமா என்று கேட்டிருக்கிறீர்கள். கெடுக்கவில்லை. அன்பு யாரையும் கெடுக்காது. நீங்கள் மாட்டினால் அரை நிமிஷத்தில் முடிகிறது, தான் மாட்டினால் ஐந்து நிமிஷம் ஆகிறது, நடுவில் யாராவது பிடுங்கிக்கொள்கிறார்கள். இதையெல்லாம் பார்த்துத்தான் ‘நீ பண்ணு’ என்கிறான். ஒன்றரை இரண்டு வயதில் அவனும் ‘நானே, நானே’ என்று கரண்டியைப் பிடுங்கியிருப்பான், ஞாபகப்படுத்திப் பாருங்கள். சிந்துமே என்று அப்போது வாங்கி வைத்துவிட்டோம். அந்த ஆசையை மறுபடி கிளப்ப முடியும். அதற்கு அவன் கை எட்டும் அளவுக்கு வேலையைச் சின்னதாக்கிக் கொடுக்க வேண்டும்.

சாப்பாட்டிலிருந்து ஆரம்பிக்கலாம். எழுத்துக்கும் இதற்கும் நேரான தொடர்பு இருப்பதாலேயே இதை முதலில் சொல்கிறேன். கையால் சாதம் சாப்பிடும்போது என்ன செய்கிறோம்? விரல் நுனிகளால் சோற்றைச் சேர்த்து, உருட்டி, வாய்க்கருகே கொண்டுபோய் கட்டைவிரலால் தள்ளுகிறோம். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் சேர்ந்து செய்யும் வேலை அது. பென்சில் பிடிக்கப்போவதும் அதே மூன்று விரல்கள்தான். ஒரு நாளைக்கு மூன்று வேளையும் அந்த விரல்கள் சும்மா இருக்க, சாயங்காலம் நோட்டைத் திறந்து வைத்து அவற்றிடம் வேலை கேட்கிறோம். பிய்க்க வசதியான இட்லி, தோசையில் தொடங்குங்கள். அடுத்து, கெட்டியாகப் பிசைந்த தயிர்சாதம் அல்லது பருப்புசாதம். ரசம்சாதம் கடைசியில் வரட்டும், அது பெரியவர்களுக்கே ஒழுகும். தட்டில் கொஞ்சமாக வையுங்கள். தீர்ந்ததும் அவனே கேட்கட்டும். தரையில் செய்தித்தாள் விரித்துவிட்டால் உங்களுக்கும் பதற்றம் குறையும். முதல் சில நாள் குறைவாகத்தான் சாப்பிடுவான். அந்தக் கவலையில் நடுவில் புகுந்து ஊட்ட ஆரம்பித்தால் மறுபடி பழைய கதைதான். பசி இருக்கிறது, அடுத்த வேளை சாப்பிடுவான்.

போன் கூடாது. இதில் மட்டும் நான் பிடிவாதமாக இருப்பேன். கார்ட்டூன் பார்த்துக்கொண்டு சாப்பிடும் பிள்ளைக்கு வாய் திறப்பது தெரியும், வயிறு நிறைந்தது தெரியாது. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் திரை முன் உட்காரும் நேரம் நாளுக்கு ஒரு மணிக்கு மேல் போகக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல். அதே வழிகாட்டுதல் ஓடியாடும் நேரம் நாளுக்கு மூன்று மணி வேண்டும் என்கிறது, அதில் ஒரு மணி நேரமாவது மூச்சு வாங்க ஓட வேண்டும்.

அத்தையிடம் இதை எப்படிச் சொல்வது என்று நீங்கள் யோசிப்பீர்கள். ‘இனி ஊட்டாதீங்க அத்தை’ என்றால் அவர் மனம் வருந்தும், அதில் நியாயமும் இருக்கிறது. பேரனோடு அவருக்கு இருக்கும் நெருக்கமான நேரமே அதுதான். அதை எடுத்துவிடாதீர்கள், இடத்தை மட்டும் மாற்றுங்கள். ‘அத்தை, நீங்களும் இவன்கூடத் தட்டுப் போட்டு உட்காருங்க, நீங்க சாப்பிடறதைப் பார்த்துத்தான் இவன் பழகுவான்’ என்று கேட்டுப் பாருங்கள். பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்லட்டும். முதல் உருண்டையும் கடைசி உருண்டையும் அப்பத்தா கையால் என்றுகூட வைத்துக்கொள்ளலாம். பகலில் கீரை ஆய்வது, பட்டாணி உரிப்பது, பூண்டு உரிப்பது எல்லாம் அப்பத்தாவும் பேரனும் சேர்ந்து செய்யட்டும். பட்டாணித் தோலைக் கட்டைவிரலால் அழுத்திப் பிளந்து ஒவ்வொன்றாக உருவும் பிள்ளையின் விரலுக்கு அதைவிட நல்ல பயிற்சியை எந்த ஒர்க்‌ஷீட்டும் தராது. அவர் இதில் உங்களுக்கு எதிர்க்கட்சி ஆக வேண்டியதில்லை. பகல் முழுக்க அவனோடு இருப்பவர் அவர். அவர் இல்லாமல் இது நடக்காது.

சட்டை விஷயத்துக்குக் காலை நேரம் வேண்டவே வேண்டாம். வேன் வரும் பதற்றத்தில் யாரும் எதையும் கற்க முடியாது, கற்பிக்கவும் முடியாது. சாயங்காலம் குளித்துவிட்டு வந்ததும் வையுங்கள். கால்சட்டையைச் சின்ன ஸ்டூலில் உட்கார்ந்து போடச் சொல்லுங்கள். நின்றுகொண்டு ஒரு காலைத் தூக்கினால் இந்த வயதில் தடுமாறும். வீட்டில் எலாஸ்டிக் வைத்த டவுசர், தளர்ந்த கழுத்துள்ள டிசர்ட். பட்டன் சட்டையைக் கடைசிப் படியிலிருந்து பின்னோக்கிக் கற்றுக்கொடுக்க வேண்டும். எல்லாப் பட்டனையும் நீங்கள் போடுங்கள், கடைசி ஒன்றைத் துளையில் பாதி நுழைத்துவிட்டு மிச்சத்தை இழுக்க மட்டும் அவனை விடுங்கள். ‘நான் போட்டேன்’ என்ற நிறைவு அவனுக்கு அங்கேயே கிடைத்துவிடும். அது பழகியதும் அந்தக் கடைசிப் பட்டன் முழுக்க அவன் பொறுப்பு. அப்புறம் கடைசி இரண்டு. பட்டன் போடுவது ஐந்து வயதை ஒட்டித்தான் கைவரும், அவசரமில்லை. கழற்றுவது அதற்கு முன்பே வந்துவிடும், ஆகவே அதை முதலில் விடுங்கள்.

பள்ளிச் சீருடையின் கால்சட்டையில் கொக்கியும் ஜிப்பும் இருந்தால் உடனே எலாஸ்டிக் வைத்துத் தைத்துவிடுங்கள். கொக்கியைக் கழற்றத் தெரியாததால், மிஸ்ஸிடம் கேட்கக் கூச்சப்பட்டு, மத்தியானம் வரை சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் நிறைய. அப்படி இருக்கும் பிள்ளை எதில் கவனம் செலுத்துவான்? டிபன் பாக்ஸும் அப்படித்தான். மூடியைத் திறக்க முடியாமல் சாப்பாடு அப்படியே திரும்பி வரும், ‘சரியா சாப்பிடறதில்ல’ என்று பெயர் வரும். கடையில் வாங்கும்போதே அவன் கையில் கொடுத்துத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். தண்ணீர் பாட்டிலும் அவ்வாறே.

1907இல் ரோம் நகரத்தின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்த மரியா மாண்டிசோரி, 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கிப் பணி செய்தார். அவர் முறையில் பள்ளி நடத்தும் இடங்களுக்குப் போய்ப் பார்த்தால், இந்த வயதுப் பிள்ளைகள் சின்னச் செம்பிலிருந்து டம்ளருக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள், சட்டத்தில் கட்டிய துணியில் பட்டன் போட்டுக் கழற்றுவார்கள், சிந்தியதைத் தாங்களே துடைப்பார்கள். அதெல்லாம் அங்கே பாடம். நம் சமையலறையில் எவர்சில்வர் டம்ளர்தானே இருக்கிறது, விழுந்தால் உடையாது. ஒரு தட்டு, ஒரு செம்பு, ஒரு டம்ளர், பக்கத்தில் ஒரு துணி இருந்தால் போதும். சிந்தினால் திட்டாமல் துணியைக் காட்டுங்கள்.

அவன் செய்து முடித்ததும் ‘சூப்பர், வெரி குட்’ என்று கொட்ட வேண்டாம். ‘ரெண்டாவது பட்டன் சிக்கிச்சு, ஆனா விடாம போட்டுட்டே’ என்று நடந்ததைச் சொல்லுங்கள். தான் என்ன செய்ததால் முடிந்தது என்று அவனுக்குத் தெரிந்தால் அடுத்த தடவையும் முயல்வான்.

விளையாட்டில் நீங்கள் சேரலாம், ஆனால் பயணியாகச் சேருங்கள். டிக்கெட்டை எண்ணச் சொல்வது, கலர் கேட்பது, ஏபிசி நுழைப்பது எல்லாம் ஆட்டத்தை நிறுத்திவிடும். ‘பவானி ஒண்ணு குடுங்க கண்டக்டர்’ என்று கேளுங்கள். ‘சில்லறை இல்லையே’ என்று சொல்லிப் பாருங்கள், அவன் என்ன வழி கண்டுபிடிக்கிறான் என்று தெரியும். அப்புறம் ஒதுங்கிக்கொள்ளுங்கள். அட்டைப் பெட்டி, பழைய துப்பட்டா, சொப்புச் சாமான், தேங்காய்ச் சிரட்டை, கொஞ்சம் மணல், தண்ணீர் போதும். பட்டனை அழுத்தினால் பாடும் பொம்மையில் பிள்ளைக்கு வேலை இல்லை, எல்லாவற்றையும் பொம்மையே செய்துவிடுகிறது.

பள்ளியில் பேசுவதற்குச் சில விஷயங்களைத் தெரிந்துகொண்டு போங்கள். 2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், 1, 2ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கே வீட்டுப்பாடம் கூடாது என்று உத்தரவிட்டது. ப்ரீ கேஜி அதற்கும் கீழே. மூன்று முதல் எட்டு வயது வரைக்கான தேசிய அடித்தள நிலைக் கலைத்திட்டம் 2022இல் வந்தது. அதன் மையமே விளையாட்டு வழிக் கற்றல். சிபிஎஸ்இ பள்ளிக்கு அது தெரியாமல் இருக்காது. நம் தமிழ்நாட்டு அங்கன்வாடிகளின் பாடத்திட்டத்துக்கும் ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ என்றுதான் பெயர். ஆனால் இதையெல்லாம் மிஸ் முகத்தில் எடுத்து வீச வேண்டாம். நோட்டு நிரம்பவில்லை என்று நிர்வாகத்திடம் புகார் சொல்லும் பெற்றோரும் உண்டு, நடுவில் மாட்டிக்கொண்டிருப்பது அவர். தனியாகப் பார்த்து, ‘மிஸ், இவன் கை பழகும்வரை வீட்டில் விரலாலும் சாக்பீஸாலும் எழுத வைக்கிறேன், நோட்டு கொஞ்ச நாள் வேண்டாம்’ என்று சொல்லுங்கள். பல ஆசிரியர்கள் நிம்மதியாகத் தலையாட்டுவார்கள். வகுப்பில் இஷ்டம்போல் விளையாட எவ்வளவு நேரம் விடுகிறார்கள் என்றும் கேளுங்கள். எழுதாததற்குத் தனியே நிற்க வைப்பது, மற்ற பிள்ளைகள் முன் கேலி செய்வது, அடிப்பது இவற்றில் ஏதாவது ஒன்று நடந்தால் கட்டிய ஃபீஸைப் பார்க்காமல் வேறு பள்ளி தேடுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். கற்பனை விளையாட்டு, மற்றவர்களைச் சேர்த்துக்கொள்வது, ‘நீ பண்ணு’ என்று தெளிவாகக் கேட்பது இவையெல்லாம் உங்கள் மகனிடம் இருப்பதால் எனக்குப் பயம் ஒன்றும் தோன்றவில்லை. ஆனால் மூன்று வயது தாண்டியும் இரண்டு மூன்று வார்த்தை சேர்த்துப் பேசாத, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத, மற்ற குழந்தைகளைக் கண்டுகொள்ளாத, முன்பு தெரிந்த ஒன்றை மறந்துபோன பிள்ளை என்றால் ‘ஆம்பளப் பசங்க லேட்டாத்தான்’ என்று காத்திருக்கக் கூடாது. காது கேட்கும் திறனை முதலில் பரிசோதிக்க வேண்டும். மாவட்டத் தலைமை மருத்துவமனை அல்லது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உள்ள மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்தில் இதைக் கட்டணமில்லாமல் பார்க்கிறார்கள்.

இவ்வளவையும் ஒரே வாரத்தில் மாற்றப் போகாதீர்கள், வீடே கலவரமாகிவிடும். முதலில் ராத்திரிச் சாப்பாடு மட்டும்: போன் இல்லாமல், எல்லோரும் ஒன்றாக, அவன் கையால். அது ஓரளவு படிந்ததும் சாயங்காலச் சட்டை. காலாண்டு விடுமுறையில் மத்தியானச் சாப்பாட்டையும் அவன் கைக்கு விட்டுவிடலாம், வேன் கவலை இருக்காது. காலையில் இப்போதைக்கு நீங்களே மாட்டி அனுப்புங்கள், அதில் குற்ற உணர்வு வேண்டாம். ஷூவின் ஒட்டுப் பட்டையை மட்டும் அவன் ஒட்டட்டும். பொங்கல் வாக்கில் எப்படி இருக்கிறான் என்று எழுதுங்கள். நோட்டைப் பற்றி மிஸ் என்ன சொன்னார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள், தேவைப்பட்டால் பள்ளி முதல்வருக்கு எப்படிக் கடிதம் எழுதுவது என்று சொல்கிறேன்.